ஐந்து மீட்டர் தள்ளி

எழுபத்து நான்கு வயதில் மூன்றாம் தடவையாகத் தென்கடலில் ஆளில்லாத கேம்பெல் தீவுக்கு வந்திருந்தார் லாய்ட். முதல் தடவை கடல் கொந்தளித்ததில் படகையே இறக்கவில்லை. இரண்டாம் தடவை காற்று. ஆல்பட்ராஸ் என்கிற பெரிய கடற்பறவையைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அடுத்த மாதம் முட்டியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு இந்தக் குன்றெல்லாம் ஏறுகிற கதை இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் செய்த காரியத்தைப் பாருங்கள். தன் ஊரான வின்டனில் செம்மறிப் பண்ணை வேலைக்குப் போடுகிற கம்பளிக் காலுறையை, ராசியானது என்று அப்படியே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளியூர்ப் புல் ஒன்றுகூடத் தீவில் முளைக்கக் கூடாது என்பது சட்டம். கப்பலின் மேல்தளத்தில் வழிகாட்டிப் பெண் ரேவின், சின்ன இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொருவரையும் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"காலுறையில மட்டும் பதினேழு விதை, லாய்ட். பேன்ட் மடிப்புல ஒரு பண்ணையே இருக்கு."

"துவைச்சதுதாம்மா."

"எந்த வருஷம்?" என்று கேட்டார் அவர் மனைவி நோலீன்.

"இதோட இறங்க விடமாட்டேன்," என்றாள் ரேவின். " கடைசிப் படகு பத்து நிமிஷத்துல கிளம்புது."

லாய்டின் முகம் சுண்டிப்போயிற்று. பெட்டியில் இருந்த உடுப்புகளும் அதே பண்ணையிலிருந்து வந்தவைதான். கடைசியில் கப்பல் சமையல்காரர்தான் கைகொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் லாய்டின் தோளுக்குத்தான் வருவார். அவருடைய கால்சட்டை லாய்டுக்கு முழங்காலோடு நின்றது. வெள்ளைக் கோட்டு பொத்தான் போட மறுத்தது.

"அழகா இருக்க," என்றார் நோலீன். "ஆம்லெட் எப்ப வரும்?"

குன்றின்மேல் புல்லுக்குள் ஓர் இளம் ஆல்பட்ராஸ் உட்கார்ந்திருந்தது. லாய்ட் ஐந்து மீட்டர் தள்ளி நின்றார். அதற்குமேல் கிட்டே போகக் கூடாது. பறவை எழுந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்து நேராக நடந்து வந்தது.

"பின்னாடி போங்க, லாய்ட்," என்றாள் ரேவின்.

போனார். அதுவும் வந்தது. வாழ்நாளெல்லாம் ஏங்கியது தேடி வருகிறது, இவர் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறார். கடைசியில் சேற்றில் கால் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சரி, அப்படியே அசையாம இருங்க. அதுவா வந்தா தப்பில்ல."

ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று, பறவை தன் பெரிய சிறகுகளை விரித்தது. அலகை வானத்துக்குத் தூக்கிக் கத்தியது. துணை தேடும் வயதில் அவை அப்படித்தான் செய்யும். லாய்டுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மரியாதைக்குப் பதில் சொல்ல வேண்டாமா? கைகளை விரித்தார், கழுத்தை நீட்டினார், தொண்டை கிழியக் கத்தினார். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தெரியாத ரேவின், கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பறவை தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு சிறகை மடக்கிக்கொண்டு தன் வழியே போய்விட்டது.

"அதுக்கு அரை நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு," என்றார் நோலீன். "எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு."

லாய்ட் சேற்றை விட்டு எழவில்லை.

"ஆனா யோசிச்சுதுல்ல, நோலீன்," என்றார், கண்ணைத் துடைத்தபடி. "வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சுதுல்ல."