இரண்டாவது தகடு

ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் ஆசிட் அக்கா. ஒருத்தனுக்கு மட்டும் வெறும் அக்கா. அந்த ஒருத்தன் மாடியில் மைக்ரோஸ்கோப்பே கதியென்று கிடக்கும் கூடப்பிறந்த தம்பி. கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சும் வண்டலைச் சலித்து ஸ்லைடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அதைப் பார்த்து இது இன்னது என்று பேர் சொல்வது அவன் வேலை. பதினெட்டு வருடத்தில் அவள் கரைக்காத கல் இல்லை. ஆனாலும் பேர் சொல்கிற உரிமை படித்தவனுக்குத்தானே!

அவர்கள் தேடுவது டைனோஃபிளாஜெல்லேட் கூடுகளை. கடலில் மிதந்த இந்த ஒற்றைச் செல் உயிர்களில் சில, காலம் சரியில்லை என்றால் தடித்த கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே தூங்கும். காலம் கூடிவந்தால் கூட்டுச் சுவரில் கதவுபோல் இருக்கும் தகட்டைத் தள்ளித் திறந்துகொண்டு கிளம்பிவிடும். காலிக்கூடு மட்டும் கோடிக்கணக்கான வருடங்கள் கல்லுக்குள் திறந்தே கிடக்கும். எந்த இடத்துத் தகடு, எத்தனை தகடு என்று பார்த்துத்தான் பேரினம் பிரிப்பார்கள். முதுகுப்பக்கம் ஒரு தகடு திறக்கும் பேரினம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. தம்பியின் ஸ்லைடில் அடுத்தடுத்து இரண்டு தகடுகள் போயிருந்தன. முப்பத்தொரு கூட்டிலும் அப்படியே. புதுப் பேரினம்! கட்டுரை வெளிவந்தால் அவனுடைய ஆறு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும். பாவி, பேரினத்துக்கு அவள் பேரையே வேறு வைத்திருந்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நேற்று மண் விழுந்தது. அலமாரியை ஒழிக்கும்போது அதே கல்லின் மீதி வண்டல் ஒரு குப்பியில் அகப்பட்டது. நைட்ரிக் அமிலம் படாத வண்டல். பேசாமல் இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! ஸ்லைடு போட்டுக் கீழே இருந்த பழைய மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். அழுக்கு ஒட்டி மங்கலாக இருந்தாலும் தெரிந்தது. ஒரு தகடுதான் போயிருந்தது. பக்கத்துத் தகடு அப்படியே உட்கார்ந்திருந்தது. இருபது கூடு எண்ணினாள். இருபதிலும் அதே கதை.

தம்பிக்குக் கொடுத்த ஸ்லைடின் வண்டல், அழுக்கு வெளுக்க நைட்ரிக்கில் ஐந்து நிமிடம் மட்டும் வைக்க வேண்டியது. மகள் பள்ளிக்கூடப் படியில் விழுந்துவிட்டாள் என்று அன்றைக்குப் பார்த்துப் போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பும்போது இருபது நிமிடம் ஓடிவிட்டிருந்தது. அதில் கூட்டுச் சுவர் நைந்து, இரண்டாவது தகடு பொருத்துக் கோட்டோடு விட்டுப் போயிருக்கிறது. பதிவேட்டிலோ அவள் ஐந்து என்று எழுதியிருந்தாள். யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

காலையில் ஸ்லைடோடு மாடியேறினாள்.

"டேய், கொஞ்சம் இதப் பாரு."

"இரு அக்கா, மத்தியானம் கட்டுரைய அனுப்பணும்."

"அனுப்பாத. முதல்ல பாரு."

பார்த்தான். குமிழை மேலும் கீழும் திருகித் திருகிப் பார்த்தான். காது சிவந்தது.

"எந்தக் கல்லு இது?"

"உன் கல்லுதான். நைட்ரிக் போடாதது." போன் வந்தது முதல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் கொட்டிவிட்டாள். "என் தப்புடா. புத்தி கெட்டுப்போய் அஞ்சுன்னு எழுதிட்டேன்."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல."

"ரெஜிஸ்டர்ல அஞ்சுன்னுதானே இருக்கு? அப்ப அஞ்சுதான். விட்ரு அக்கா."

ஸ்லைடை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேற எவனாவது இதே கல்லக் கரைச்சுப் பார்த்தா?"

"அதுக்குப் பத்து வருஷம் ஆகும். உனக்கென்ன, உன் வேலை நிரந்தரம். ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் தெருவுல நிக்கவா? உன் பேரத்தானேக்கா வச்சிருக்கேன்!"

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. கீழே வந்து பதிவேட்டைப் பிரித்தாள். அவள் எழுதிய பொய்தான் இப்போது அவனுக்குக் குடை. அவமானமாக இருந்தது. பிள்ளைகளின் முகம் வேறு கண்முன் வந்து நின்றது. அழுதாள். அழுதுகொண்டே ஐந்தை அடித்து, பக்கத்தில் இருபது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். திருத்திய பக்கம் ஆய்வகத் தலைவர் மேசைக்குப் போயாக வேண்டும். அது அங்கே உள்ள விதி.

மறுபடி மாடியேறி, பதிவேட்டை அவன் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"தலைவர்கிட்ட கொண்டு போறேன். குப்பியில இன்னும் வண்டல் இருக்கு. நீயும் வா, நாமளே சொல்லிடலாம். நாமளா சொன்னா அதுக்கொரு மரியாதை இருக்கும்டா."

அவன் அந்த இருபதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீங்க போங்க, ஆசிட் அக்கா."

எல்லாரும் கூப்பிடுகிற பேர்தான். அவன் வாயிலிருந்து அதை இன்றைக்குத்தான் கேட்கிறாள். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாகப் படியிறங்கினாள்.