ஹவுஸ்புல் பலகை

இருபத்தாறு நாள் கழித்து எலிசாள் மறுபடியும் வந்தாள். பொன்முடி எஸ்டேட்டில் லீவு கிடைப்பதே அபூர்வம். யுத்த காலத்தில் பஸ்ஸை நம்பவும் முடியாது. விதுரா வரைக்கும் நடந்து இறங்கி, அங்கே ஒரு விறகு வண்டியில் இடம் பிடித்து, சாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

சினிமாக் கொட்டகையின் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் சரசம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. தெரியாதது போல இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"மறந்துட்டியா மக்களே? முதல் நாள் வந்து திரும்பிப் போனேம்லா."

"மறக்கல அக்கா. இன்னைக்கு இடம் உண்டு. முன்னால போய் இருங்க."

எலிசாளின் மகன் ஞானையன், பட்டாளத்தில் சேருவதற்கு முன் மதராசில் கூலிவேலை பார்த்தவன். இந்தப் படத்தில், ஒரு சந்தைக் காட்சியில், அவன் வாழைக்குலை சுமந்து போவான். ஒருமுறை திரும்பிச் சிரிப்பான். கூட வேலை பார்த்தவன் ஊருக்கு வந்தபோது சொன்னது. பர்மா பக்கம் போன ஞானையனைப் பற்றி எட்டு மாதமாக ஒரு செய்தியும் இல்லை. வீட்டில் அவனுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் மலையிறங்கி வந்தாள்.

முதல் நாள் வாசலில் ஹவுஸ்புல் பலகை தொங்கியது. "இடமில்ல அக்கா" என்று சொன்னது சரசம்மாதான். அன்று பொழுது சாய்வதற்குள் பக்கத்து ஆரியசாலைத் தெரு முழுக்க அதே பேச்சு. இடமில்லை என்று கேள்விப்பட்டவர்களெல்லாம் மறுநாள் விடியும்போதே வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் கூட்டம் நெருக்கியதில் கதவின் கொண்டி பிய்ந்தது.

கொட்டகை முதலாளி ஆறுமுகநயினார் பிய்ந்த கொண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "படம் நல்லாருக்கான்னு எவன் கேக்கான்? டிக்கெட் கிடைச்சுதான்னுதானே கேக்கான்." அந்த வாரமே நாலாவது ஆட்டமும் போட்டார்.

படம் விட்டது. எல்லாரும் வெளியே போன பிறகு எலிசாள் மெதுவாக வந்தாள்.

"அவன் வரலியே மக்களே. நான் கண்ணு சிமிட்டுன நேரத்துல போயிட்டானோ என்னவோ."

சரசம்மா மாடியேறி ஆபரேட்டர் பிச்சுமணியிடம் ஓடினாள்.

"சந்தையா? அதை வெட்டியாச்சே. நாலு ஆட்டம் ஓட்டணும்னா எதையாவது வெட்டத்தானே வேணும்? அதிலே பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. எவனோ ஒருத்தன் வாழைக்குலையைத் தூக்கிண்டு போறான். யார் கேக்கப் போறா?"

"அந்தத் துண்டு எங்க சாமி?"

"படக் கம்பெனிக்காரா அன்னிக்கே எடுத்துண்டு போயிட்டா. ஏன், நோக்கு என்ன வந்தது?"

சரசம்மா இறங்கி வந்தாள். காட்சி வெட்டப்பட்டதை மட்டும் எலிசாளிடம் சொன்னாள். எலிசாள் கோபப்படவில்லை.

"முதல் நாளு இருந்துச்சா?"

"இருந்துச்சு அக்கா."

"சரி, என்ன செய்யதுக்கு? அன்னைக்கு அவ்வளவு கூட்டம். எம் பிள்ள வாற படத்துக்கு நிக்க இடமில்லன்னு எஸ்டேட் லைன் வீட்டுல எல்லார்ட்டயும் சொன்னேன், கேட்டியா. அதுல ஒரு சந்தோசம்." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "தப்பு என்மேலதான். வழியில காலு கடுக்குன்னு ஒரு கல்லுல இருந்துட்டேன். அந்த நேரம் நடந்திருந்தா உள்ள போயிருப்பேன்."

வாசலில் முதலாளி யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்வது அவர் காதில் விழுந்தால் சரசம்மாவின் வேலை போய்விடும். எலிசாள் படியிறங்கத் தொடங்கினாள். சரசம்மா பின்னாலேயே இறங்கி அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க பிந்தல அக்கா. அந்தப் பலகை முதலாளி சொல்லிச் சும்மா மாட்டுனது. அன்னைக்கு உள்ள ஏழு பேருதான் இருந்தாவ. பெண்கள் பக்கம் ஒருத்தருமே இல்ல."