வாசலில் செருகிய வேப்பிலை

1

இந்தக் கதை என் மனைவி வசுமதி சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. அவளைக் கேட்டால், "நான் வாயே திறக்கலை, வேப்பிலைதானே செருகினேன்" என்பாள். வருஷம் எழுபத்துநாலு, மாசி மாதம். கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. நான் கிடர்பூர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. எங்கள் பெண் பாகீரதி அப்போது மூன்று மாதக் குழந்தை.

முதல் வரியை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். 'அன்று மாலை கங்கையின் மேல் மூடுபனி…' என்று ஒன்று. மாசியில் சாயங்காலம் ஏது மூடுபனி? அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: ஆபீசில் பாதிப் பேர் ஃப்ளூவில் படுத்தார்கள். நானும் அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலிக்க, இருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

2

வசுமதி வாசலிலேயே நிறுத்தினாள்.

"அங்கேயே இருங்கோ. குழந்தைகிட்ட வரப்டாது."

"சாதா ஜுரம்தாண்டி."

"உங்களுக்குச் சாதா. அவளுக்கு?"

முன்னறை எனக்கு. தட்டும் டம்ளரும் தனி, அவற்றைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுத்தான் எடுப்பாள். ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தாள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு வந்து, கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்கு ரோஷமாக வந்தது. [இந்த இடத்தில் கணவனைப் பொறுமைசாலி என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். வசுமதி படித்துவிட்டு, "இது யாரு?" என்றாள்.]

3

என்னைச் சமாளித்துவிட்டாள். தெருவை எப்படிச் சமாளிப்பது? எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஒருத்தர் படுத்தால் மற்றவர்கள் போய்ப் பார்த்தாக வேண்டும். போகாவிட்டால் அது ஒரு பேச்சாகிவிடும். பக்கத்து வீட்டு ஜலஜா மாமி மிளகு ரசத்தோடு வந்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள், நேரே உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருமினாள்.

"மாமி, உங்களுக்கும் இருமறதே. அவளைக் கீழே விடுங்கோளேன்."

"நேக்கு வெறும் தொண்டைக் கரகரப்புடி."

மாமியை வில்லியாக்கினால் கதை விறுவிறுப்பாகப் போகும். மனசு வரவில்லை. பிரசவ சமயத்தில் எங்கள் வீட்டுக்குச் சமைத்துப் போட்டவள் அவள்தான். அவளைப் போய் வராதே என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை வசுமதி மார்க்கெட்டுக்குப் போனாள். பெங்காலிகள் கத்தரிக்காயோடு வதக்கிச் சாப்பிடுவார்களே, அந்த வேப்பிலையில் ஒரு கட்டு வாங்கிவந்து வாசல் நிலையில் செருகினாள். அம்மை போட்டிருக்கிற வீடு என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஒருவரும் படியேறவில்லை. மாமி தெருவில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மாரியம்மன் பேரிலா பொய் என்று நீங்கள் கோபிக்கலாம். நானும் கேட்டேன். "அவளும் பொம்மனாட்டிதானே, புரிஞ்சுப்பா" என்றாள்.)

4

வேப்பிலை வேறு கண்களிலும் பட்டது. பெரியம்மையை ஒழிக்க வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த வருஷம் அது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து, தீபாலி என்ற சுகாதார இலாகாப் பெண் வந்து நின்றாள்.

"பொஷொந்தோ யாருக்கு?" என்றாள். அம்மைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். என் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, கை, உள்ளங்கால் எல்லாம் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"இது ஃப்ளூ. எதுக்கு இந்த நாடகம், பௌதி?" என்று, அண்ணி முறை வைத்தே பெங்காலியில் சீறினாள்.

வசுமதி உள்ளே போய்க் குழந்தையை எடுத்துவந்து, அதன் சட்டையை மேலே தூக்கினாள்.

"என்னை அப்புறம் திட்டுங்கோ, தீதி. ராத்திரியிலேர்ந்து பால் குடிக்கலை. இதைப் பாருங்கோ" என்றாள், தன் அரைகுறை பெங்காலியில்.

என்னிடமிருந்தோ மாமியிடமிருந்தோ, எப்படியோ தொற்றிவிட்டது. மூச்சு வேகமாக ஓடியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அப்படி அதற்குப் பிறகு நான் பயந்ததில்லை.

தீபாலி நாடகத்தை மறந்துவிட்டாள். "நெஞ்சுக்கு இறங்கிடுச்சு. உடனே கிளம்புங்க" என்று தானே ஓடிப்போய் டாக்சி பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள்.

5

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன.

ஒன்று: வசுமதி மாமியிடம் உண்மையைச் சொல்கிறாள். மாமி ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பேசுகிறாள்.

இரண்டு: சொல்லவே இல்லை. அம்மன் இறங்கிவிட்டாள் என்று மாமி வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து என் தலையில் ஊற்றுகிறாள்.

மூன்று: 'அன்று விடியற்காலையில் பாகீரதியின் மூச்சு…'

பேனாவை மூடிவிட்டேன். காகிதத்தில்கூட என்னால் ஆகாது.

நடந்ததைச் சொல்கிறேன். துவண்டு கிடந்தவள் மூன்றாம் நாள் பாலுக்காக ஊரைக் கூட்டி அழுதாள். இருமல் ஓயாத என்னை உள்ளே விடவில்லை, வெளியே மரத்தடியில் நின்றிருந்தேன். அங்கே வரைக்கும் கேட்டது. அப்பாடா என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இரண்டில் எது நடந்தது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மாமி இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், நான் வாயைத் திறக்கப் போவதில்லை. மூன்றாவதை மட்டும் யாருக்கும் தரமாட்டேன். துக்கம் இருந்தால்தான் கதை என்பவர்கள் வேறு குழந்தையை வைத்து எழுதிக்கொள்ளட்டும் என்று முடித்திருந்தேன்.

வசுமதி அந்த வரியையும் அடித்துவிட்டாள்.

"அந்தக் குழந்தைக்கும் ஒரு அம்மா இருப்பாளே" என்றாள்.