மூன்றாம் வரிசையில் பதினோராவது நாற்காலி

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஹெல்மர் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை ஆர்டிஸ் சாப்பாட்டு மேஜையில் வைத்து மூன்று முறை படித்தாள். மரியாதையான கடிதம்தான். பெண்கள் கூடைப்பந்து அணி போய்வரும் பேருந்து போன ஜனவரியில் நடுவழியில் நின்றுபோனதும், பிள்ளைகள் பனியில் இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஊருக்கே தெரியும். புதுப் பேருந்து வேண்டும். அதற்காக ஆட்டக்கூடத்தின் நடுப்பகுதியில் முதுகு சாய்த்து உட்காரும் நாற்பத்து நான்கு நாற்காலிகளுக்கு மட்டும் இனித் தனிக் கணக்கு. எப்போதும் போல ஒரு பருவத்துக்குத் தொண்ணூறு டாலர் டிக்கெட், அதற்கு மேல் நாற்காலிக்கு முந்நூறு டாலர் நன்கொடை. கொடுத்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து நாற்காலி முதுகில் பதிப்பார்கள். கொடுக்க விருப்பமில்லாதவர்கள் எதிர்ப்பக்கத்து மரப் பலகைகளில் பழைய விலைக்கே உட்காரலாம். கீழே ஜேனல் கையெழுத்துப் போட்டிருந்தாள். டிக்கெட் விற்பது, நன்கொடை திரட்டுவது, பேருந்து பிடிப்பது, அவசரத்துக்குச் சட்டை துவைப்பது என்று அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறையில் பாதி வேலை ஜேனலின் தலையில்தான்.

ஆர்டிஸுக்கு அறுபத்தொன்பது வயது. பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேஜையில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, மற்றவர்களின் பல்வலிக்கு நேரம் குறித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரிசோனாவில் ஒரு தங்கை உண்டு. உள்ளூரில் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை, மூன்றாம் வரிசையைத் தவிர.

மூன்றாம் வரிசையில் பதினோராவது நாற்காலி அவளுடையது. இருபத்தேழு வருஷமாக அவளுக்கு இடப்பக்கம் ஆரின், வலப்பக்கம் லவோன், அதற்கு அடுத்து லவோனின் கணவர் மெர்ல். ஆரின் மனைவியை இழந்த விவசாயி. சட்டைப்பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து, நம் அணி தோற்கும்போது வேகமாகவும் ஜெயிக்கும்போது மெதுவாகவும் உரிப்பார். லவோன் நடுவரைத் திட்டுவாள். மெர்ல் வீட்டுக் கணப்பு அடுப்பு பழுது பார்ப்பவர். எது ஆடினாலும் அவருக்குப் பொறுக்காது. ஒருமுறை ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போதே மண்டியிட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. அவ்வளவுதான் இவர்கள் சிநேகம். ஆரினின் முழங்கால் அறுவைச் சிகிச்சை எந்தத் தேதியில் நடந்தது என்று ஆர்டிஸுக்குத் தெரியும், அவர் வீடு எந்தச் சாலையில் என்று தெரியாது. மார்ச்சு வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். கோடையில் மளிகைக் கடையில் லவோனைப் பார்த்தால், ஆட்டக்கூடத்துக்கு வெளியே பார்த்துவிட்ட கூச்சத்தோடு இரண்டு பேரும் வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். மிச்சமுள்ள எட்டு மாதமும் ஆர்டிஸ் நவம்பருக்காகக் காத்திருப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கேள்வி ஒன்றுதான். மற்ற மூன்று பேரும் என்ன செய்யப்போகிறார்கள்? போனை எடுத்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் மினசோட்டாவில், அதுவும் எங்கள் ஊரில், ஒருவரிடம் போய் "உன்னால் முந்நூறு டாலர் கொடுக்க முடியுமா?" என்று கேட்பதும் உள்ளாடை என்ன நிறம் என்று கேட்பதும் ஒன்று. பக்கத்து வீடு தீப்பற்றினால் ஓடிப்போய் அணைப்போம்; எப்படிப் பற்றியது என்று மட்டும் கேட்க மாட்டோம். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆகவே ஆர்டிஸ் தனக்குத்தானே யோசித்தாள். மெர்லுக்கும் லவோனுக்கும் ஏரிக்கரையில் ஒரு மரவீடு இருக்கிறது. ஆரின் போன வருஷம்தான் நிலத்தை விற்றார். அவர்கள் கட்டாயம் கொடுத்துவிடுவார்கள். தான் கொடுக்காவிட்டால் பதினோராவது நாற்காலியில் வேறு யாரோ வந்து உட்காருவார்கள், ஆரின் அந்த ஆளுக்கு வேர்க்கடலை நீட்டுவார். அந்தக் காட்சியை அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் பத்து நாள் தங்கையிடம் போவது வழக்கம். அந்த விமானச் செலவைக் கல்லூரிக்குக் காசோலையாக எழுதிவிட்டு, தங்கைக்குப் போன் போட்டு முட்டி வலி என்று பொய் சொன்னாள்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை முதல் ஆட்டம். அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தாள். நாற்காலி முதுகில் அவள் பெயர் பளபளத்தது. இடப்பக்க நாற்காலியில் தகடு இல்லை. வலப்பக்கத்திலும் இல்லை, அதற்கு அடுத்ததிலும் இல்லை. பதிக்க நேரம் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் எதிர்ப்பக்கம் தெரிந்தது. மரப் பலகையில் மூன்றாவது படியில் ஆரின், லவோன், மெர்ல். ஆரினுக்கும் லவோனுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம். அதில் ஒரு பச்சை மெத்தைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். மூவரும் இவளைப் பார்த்தார்கள். லவோன் கையை மெல்லத் தூக்கி அசைத்தாள். ஆர்டிஸும் அசைத்தாள். இடைவேளையில் எழுந்து அங்கே போய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இடைவேளையில் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. நாற்காலிக் கொடையாளர்கள் பெயர் சொல்லும்போது எழுந்து நிற்க வேண்டுமாம். "மூன்றாம் வரிசை, பதினொன்று, ஆர்டிஸ் க்வாமே!" வரிசையில் அவள் ஒருத்திதான். எழுந்து நின்றாள். கூடம் முழுக்கக் கை தட்டியது. எதிரே அந்த மூன்று பேரும்கூட மனதாரத் தட்டினார்கள். தட்டி முடித்ததும் லவோன் பச்சை மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆரின் பக்கம் நகர்ந்தாள். மெர்லும் நகர்ந்தார். நடுவே இருந்த இடம் போய்விட்டது. அதில் கோபமே இல்லை. நல்ல நாற்காலி ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாள், அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற பெருந்தன்மைதான்.

ஆட்டம் முடிந்து வாசலில் கோட்டு மாட்டும்போது சந்தித்தார்கள்.

"மகாராணி மாதிரி உக்காந்திருந்தியே!" என்றாள் லவோன்.

"அங்கேருந்து நல்லா தெரியுது" என்றாள் ஆர்டிஸ்.

"எங்க பக்கமும் நல்லாத்தான் தெரியுது. இல்லையா ஆரின்?"

"தெரியுது, தெரியுது. நடுவருக்குத்தான் ஒண்ணும் தெரியலை" என்றார் ஆரின்.

சிரித்தார்கள். பனி வரும்போலிருக்கிறது என்று மெர்ல் சொன்னார். வரும் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதோடு கிளம்பிவிட்டார்கள். ஆர்டிஸ் காரில் ஏறிக் கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பாமல் அழுதாள்.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே டிக்கெட் ஜன்னலுக்குப் போய் நின்றாள். உள்ளே ஜேனல் சில்லறை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜேனல், என் நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கறியா? பணம் வேண்டாம். பணம் பேருந்துக்கே இருக்கட்டும்."

"ஏங்க, என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லை. அந்தப் பக்கம் உக்காரணும்."

"அதுக்கு ஏன் திருப்பித் தரணும்? உங்க டிக்கெட்டை வச்சுக்கிட்டு எங்க வேணும்னாலும் உக்காரலாமே. நீங்களும் அவங்களும் சேர்ந்துதான் உக்காருவீங்கன்னு நான்கூட நினைச்சேன்." ஜேனல் குரலைத் தாழ்த்தினாள். "செப்டம்பர்ல மெர்ல் வந்தாரு. உங்க மூணு சீட்டுக்கும் பணம் கட்டறீங்களான்னு கேட்டேன். 'ஆர்டிஸால முடியாதும்மா, பாவம் பல் டாக்டர்கிட்ட வேலை பாத்தவ. அவ தனியா பலகையில உக்காரக் கூடாது, நாங்களும் அவளோட அங்கேயே போயிடறோம்'னாரு. அப்புறம் உங்க காசோலை வந்துச்சு. சரி, நீங்க நாலு பேரும் பேசி வச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

ஆர்டிஸ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் அவளுக்காக யாரும் இத்தனை பெரிய காரியம் செய்ததில்லை. அவளும் யாருக்காகவும் இத்தனை பெரிய காரியம் செய்ததில்லை.

"போய்ச் சொல்லிடுங்களேன். உங்களோட உக்காரத்தான் பணம் கட்டினேன்னு" என்றாள் ஜேனல்.

"எப்படிச் சொல்றது? அவங்க என்னை ஏழைன்னு நினைச்சது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். மெர்ல் கூனிக் குறுகிப்போயிடுவாரு. அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாரு." ஆர்டிஸ் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நாற்காலி உடைஞ்சுபோச்சுன்னு வச்சுக்கோ. அப்போ நான் வேற எங்கயாவது போய்த்தானே ஆகணும்?"

"உடையலியே."

"உன்கிட்ட ஸ்பேனர் இருக்கா?"

ஜேனல் அவளையே பார்த்தாள். "நன்கொடை கொடுத்தவங்க சீட்டை நானே கழட்டறதா? விளையாட்டுத் துறை இயக்குநர் பாத்தா என் சீட்டைக் கழட்டிடுவாரு!" என்றாள். சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. பதினோராவது நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அதன் குறுக்கே ஒட்டுநாடா ஒட்டி, 'பழுது' என்று எழுதிய தாளையும் ஜேனல் மாட்டிவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஆர்டிஸ் எதிர்ப்பக்கத்து மூன்றாவது படியில் வந்து நின்றாள். "என் நாற்காலி உடைஞ்சு கிடக்கு. இங்க கொஞ்சம் இடம் இருக்குமா?"

"முந்நூறு டாலர் நாற்காலி ஒரே வாரத்துல போச்சா? நல்லா இருக்கே நியாயம்!" என்றாள் லவோன். ஆனால் அதற்குள் நகர்ந்துவிட்டாள். மெத்தையை விரித்தும் போட்டாள். ஆரின் ஒரு கைப்பிடி வேர்க்கடலையை நீட்டினார்.

முதல் பாதி எப்படிப் போனது என்று ஆர்டிஸுக்குத் தெரியாது. பலகை முதுகை ஒடித்தது. லவோன் நடுவரின் கண்ணாடியைப் பற்றிக் கேட்ட கேள்வியில் முன்வரிசை பாதிரியார்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். லவோனின் முழங்கை அடிக்கடி அவள் விலாவில் இடித்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷம் என்பது இவ்வளவு எளிதாகக் கிடைக்கிற சமாச்சாரமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிப்ரவரி வரை இன்னும் ஒன்பது ஆட்டங்கள் இருந்தன.

இடைவேளையில் காபி வாங்கப் போன மெர்லைக் காணோம். சிறுவர்கள் பந்தெறியும் போட்டி முடிந்து, ஆட்டக்காரிகள் மறுபடி களத்துக்கு வந்த பிறகுதான் வந்தார். கையில் காபி இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

"சரி பண்ணிட்டேன்!"

"எதை?" என்றாள் லவோன்.

"ஆர்டிஸ் நாற்காலியைத்தான். ரெண்டு போல்ட்டு, அவ்வளவுதான். ஏதோ மடையன் முடுக்காம விட்டிருக்கான். கீழேயே கிடந்துது. இனி நீ குதிச்சாலும் அசையாது, ஆர்டிஸ். போ, போய் வசதியா உக்காரு. இந்தப் பலகையில கிடந்து ஏன் கஷ்டப்படறே?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் எழுந்து போக வழிவிட்டு நின்றார். ஆரின் கால்களை ஒடுக்கிக்கொண்டார். ஆர்டிஸ் ஒருமுறை லவோனின் முகத்தைப் பார்த்தாள். 'இங்கேயே இருக்கேன்' என்று இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்துவிட்டது. மெர்லின் முகத்தில் இருந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி, மெர்ல். உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

களத்தின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வரும்போது டிக்கெட் மேஜை அருகில் நின்ற ஜேனல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். ஆர்டிஸ் படியேறிப் போய்த் தன் பெயருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

எதிரே அந்த இடம் இந்த முறை மூடப்படவில்லை. லவோன் தன் சிவப்புக் கோட்டைக் கழற்றி அதில் போட்டிருந்தாள். இடம் பிடித்து வைத்திருக்கிறாளா, அல்லது வெறுமனே புழுக்கமாக இருந்ததா? மிச்ச ஆட்டம் முழுக்க ஆர்டிஸ் பந்தைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்தது ஐம்பது அடி மரத்தரை. போய்க் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. மெர்ல் எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வார். நாற்காலி துளிக்கூட ஆடவில்லை.