பச்சையம்மாவின் அண்ணன்

பச்சையம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு கல்லை அவளுக்கு அண்ணனாக்கினார்கள்.

வேறு வழியும் இல்லை. அவளுக்குப் பார்த்திருந்த வேடியப்பன் தேன் எடுக்கிறவன். தேன்பாறையின் செங்குத்தில் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு, மேலே கயிறு பிடிக்க மச்சான்தான் வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால், என்ன இருந்தாலும் பங்காளி. பாகம் பிரிக்காத சாமைக்காட்டை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் கை வழுக்கினாலும் வழுக்கும். மச்சான் கை வழுக்காது. தங்கச்சியின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது.

தேன்பாறை விளிம்பிலிருந்து இருபது அடி உள்ளே, படுத்த எருமை அளவில் ஒரு கல் கிடந்தது. பச்சையம்மாவின் அப்பா அதற்குத் தலைப்பாகை கட்டினார். பெரியண்ணன் என்று பெயர் வைத்தார். களியும் கீரையும் வைத்துவிட்டு எல்லோரும் திரும்பி நின்றார்கள். திரும்பிப் பார்த்தபோது களி தீர்ந்திருந்தது. அப்புறம் என்ன, உறவு உறவுதான்.

இருபத்திரண்டு வருஷம் வேடியப்பன் அந்தக் கல்லின் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்கினான். ஒரு விரற்கடை நழுவியதில்லை. மகள் உண்ணாமலைக்குக் காது குத்தும்போது கல்லின் மடியில்தான் உட்காரவைத்தார்கள். பிள்ளை அழவில்லை. மாமன் மடி சூடாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

கல்லிடம் ஒரே ஒரு குறை. சீர் செய்யாது. உண்ணாமலை வயதுக்கு வந்தபோது பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டியவன் மாமன். மூன்று நாள் காத்திருந்தார்கள், வரவில்லை. கடைசியில் அடுத்த வீட்டுக்காரர் கட்டினார். ஊர்ப் பெண்கள் முன்னால் தலைகுனிந்து நின்றது பச்சையம்மாதான். அந்த முள் அவள் மனசிலேயே கிடந்தது.

உண்ணாமலைக்கு இருபது வயதில் எதிர்மலையிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. வெற்றிலை மாற்றினார்கள். முதல் வெற்றிலையை மாமன் முன்னால் வைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் அந்த வாரம் சரியான மழை, வழியெல்லாம் அட்டை.

“தேனெடுக்கப் போறப்பச் சொல்லிக்கலாம். கல்லு எங்க ஓடிடப் போவுது” என்றாள் பச்சையம்மா. வாய்க்கொழுப்பு, வேறென்ன.

தேனெடுக்கும் நாளில் வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டு அவளும் கிளம்பினாள். வேடியப்பன் அவசரக்காரன். அவள் மூச்சிரைக்க மேலே வந்து சேருவதற்குள் கயிற்றைக் கட்டி, புகைப்பந்தத்தோடு இறங்கியே விட்டான். கல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, வெத்தல கொண்டாந்திருக்கேன்” என்றாள்.

கல் விளிம்பை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது. கயிறும் ஒரு முழம் இறங்கியது.

“யாரு கயித்த வுடறது?” என்று கீழேயிருந்து கேட்டான் வேடியப்பன்.

“உங்க மச்சான்தான்.”

“என்ன வேணும்னு கேளு.”

தேனீக்களின் இரைச்சல் பள்ளத்தை நிறைத்துக்கொண்டிருந்தது. பச்சையம்மா கல்லின் முன்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். “கோவமாண்ணே?” என்றாள். இன்னொரு முழம். “உன்ன மொதல்ல கேக்காதது தப்புதான்.” இன்னொரு முழம். மூன்று முழம் கயிறு இறங்கிவிட்டது. “பொண்ணயே கேக்கறியா?” என்றாள்.

கல் நின்றது. கயிறும் நின்றது.

மாமன் முறை என்பது முறைதான், எந்தச் சபையில் சொன்னாலும் செல்லும். இல்லை என்றால் கீழே வேடியப்பன். சரி என்றால் வீட்டில் உண்ணாமலை. எந்தக் கண்ணைக் குத்திக்கொள்வது? பயத்தில் அழுகைதான் வரவேண்டும், அவளுக்கு என்னவோ பழைய கோபம் வந்தது.

“மொற கேக்கற வாய்க்குச் சீர் செய்யத் தெரியாதா? குடிசை கட்ட வந்தியா நீ? ஊரு சிரிச்சப்ப எங்க இருந்த? ஏழு தட்டுச் சீரு என் வாசல்ல வந்து எறங்கட்டும், அப்புறம் பொண்ணக் கேளு. அதுவரைக்கும் ஒழுங்கா கயித்தப் புடி.”

கல் வெகுநேரம் யோசித்தது. பிறகு மூன்று முழமும் பின்னால் நகர்ந்து தன் பழைய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வேடியப்பன் பிழைத்தான்.

தேன்கூடையோடு மேலே வந்தவன், “என்ன சொன்ன?” என்றான்.

“சீர் கேட்டேன்.”

“அவங்கிட்ட ஏது சீரு” என்று சொல்லி நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் விடிகாலையில் வாசலில் ஏழு பலகைக்கல் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் தேனடை. ஒன்றில் மலைநெல்லி. ஒன்றில் முழுசாக உரிந்த பாம்புச் சட்டை, பூப்போல மடித்து வைத்திருந்தது. ஒன்றில் மயிற்பீலி. ஒன்றில் தட்டின் விளிம்பு தாண்டாமல் குவிந்து நின்ற சுனைநீர். ஒன்றில் வேடியப்பனின் அப்பா தேன்பாறையிலிருந்து விழுந்தபோது அவரோடு போன கத்தி, துரு இல்லாமல். கடைசித் தட்டில் பச்சைப்பாசியில் நெய்த சேலை, ஈரம் சொட்டச் சொட்ட. தட்டுகளுக்குப் பின்னால், இருபத்திரண்டு வருஷத்துத் தலைப்பாகையோடு கல் உட்கார்ந்திருந்தது.

ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பச்சையம்மா மூன்று தடவை எண்ணினாள். ஏழுதான் இருந்தது.

உண்ணாமலை வெளியே வந்து சேலையை எடுத்து உதறினாள்.

“வேணான்டி கண்ணு. நான் ஏதோ வாயில வந்தத சொல்லிட்டேன்” என்றாள் பச்சையம்மா. 

“அப்பா உசுரோட மேல வந்துட்டாரு இல்ல?” என்றாள் மகள். “சொன்னா சொன்னதுதாம்மா.”

எதிர்மலைக்காரர்கள் வந்தார்கள். மாமன் இருக்கும்போது தாங்கள் கேட்பது முறையில்லை என்று வெற்றிலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பையன் மட்டும் சாப்பிடவில்லை.

தாலி ஏறியதும் உண்ணாமலை புருஷன் பின்னால் தேன்பாறைக்கு நடந்தாள். பச்சையம்மா மகளின் காலடித்தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். ஊர் எல்லைவரை தடம் சாதாரணமாக இருந்தது. ஓடை தாண்டியதும் கணுக்கால் ஆழம். மேலே முழங்கால் ஆழம். விளிம்பிலிருந்து இருபது அடி உள்ளே கல் உட்கார்ந்தது, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். பச்சையம்மா கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள், அசைக்க முடியவில்லை.

தினமும் களி கொண்டுபோனாள். முதலில் மகளிடமிருந்து “ம்” என்று பதில் வந்தது. மார்கழிக்கு மேல் அதுவும் வரவில்லை. மடியில் தலைவைத்துப் படுத்தால் சூடு மட்டும் இருந்தது. பெற்ற வயிறு எரிய, அந்தச் சூட்டிலேயே அழுதுவிட்டு வருவாள். வேடியப்பன் எப்போதும்போல் தேன் எடுத்தான். மச்சானே மருமகனான பிறகு கயிறு இன்னும் உறுதியாக நின்றது.

மறுவருஷம் தேன் நாளில், இரண்டு கற்களுக்கும் நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு கல் கிடந்தது. வெதுவெதுவென்று இருந்தது. பச்சையம்மா அதை எடுத்துத் தடவிக் காதைத் தேடிப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. தை மாதம் குத்திவிடலாம் என்று வேடியப்பனிடம் சொன்னாள்.

“மடியில வெச்சுக்க மாமன் வேணுமே” என்றான் அவன். உண்ணாமலைக்கும் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. தோளில் கிடந்த தலைப்பாகைத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

“இந்தத் தடவ கல்யாணம் ஆன கல்லாப் பாருங்க” என்றாள் பச்சையம்மா.

பொழுது சாயத் திரும்பி வந்தான். துணி அப்படியே கையில் இருந்தது.

“ஒன்னு இருக்குது. நல்ல குடும்பம். சம்சாரத்தக் கேட்டுச் சொல்லணுமாம்.”

பச்சையம்மா அந்தச் சம்சாரத்துக்கும் சேர்த்து உலையில் தண்ணீர் ஊற்றினாள்.