தொண்ணூற்று இரண்டு சதவீதம் இயந்திரம்

நான் எழுதியதை நான் எழுதவில்லை என்று சுசித்ரா போனில் சொன்னபோது மணி காலை ஒன்பதரை. தோசைக்கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

"மேம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க இன்சுலின் கையேட்ட டூல்ல போட்டுப் பாத்தோம். தொண்ணூத்திரண்டு சதவீதம் ஏஐ எழுதினதுன்னு வருது."

சுசித்ரா சென்னையில் ஒரு எழுத்து நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர். நான் சில்வியா. கடத்தூரில் வீட்டிலிருந்தபடியே அவர்கள் அனுப்புகிற வேலையைத் தமிழில் எழுதித் தருகிறவள். நகைக்கடை விளம்பரம், மெத்தை விளம்பரம், காப்பீட்டுத் தாள், ஆஸ்பத்திரிக் கையேடு என்று எது வந்தாலும் எழுதுவேன். என் கணவர் அந்தோணி பிரகாஷ் பால் வண்டி ஓட்டுகிறார். வீட்டுச் செலவில் பாதி அவர் தோளில், பாதி என் தோளில். ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

"இது ரெண்டாவது தடவ மேம். மூணாவது தடவ வந்தா லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஏஐயைத் தொடாத உத்தமி இல்லை நான். போன மாதம் அந்த மெத்தை விளம்பரத்தை முக்கால்வாசி அதுதான் எழுதியது. நான் அங்கே இங்கே தட்டிக்கொட்டி அனுப்பினேன். அது மனிதர் எழுதியது என்று ஜம்மென்று தேறிவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஆனால் இந்தக் கையேடு அப்படியில்லை. தர்மபுரியில் ஒரு சர்க்கரை நோய் ஆஸ்பத்திரிக்காக, அங்கிருக்கும் டாக்டர் கலைவாணனிடம் இரண்டு முறை நேரில் கேட்டுக் குறிப்பெடுத்து, எட்டு நாள் உட்கார்ந்து வரிவரியாக நான் எழுதியது.

எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளின் முதல் வாசகம் வாசிப்பது பதினைந்து வருஷமாக என் வேலை. கோயிலில் கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கும் புரிய வேண்டும் என்றால் வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், மூச்சு நிற்கிற இடத்தில் அதுவும் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் எதை எழுதினாலும் சத்தமாக வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். மூச்சு வாங்கினால் வாக்கியத்தை வெட்டுவேன். 'ஊசி போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதீர்கள்.' இப்படி இருந்தது அந்தக் கையேடு. இவ்வளவு சுத்தமாக ஒரு மனுஷி எழுத மாட்டாள் என்பது அந்த டூலின் தீர்ப்பு.

அன்று மத்தியானம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அதே மாதிரி டூல் ஒன்றை இலவசமாகத் தேடிப் பிடித்து, கையேட்டை அதில் போட்டுப் போட்டுக் கலைத்தேன். நேராக இருந்த வாக்கியத்தைச் சுற்றி வளைத்தேன். நடுவில் கேள்வி கேட்டேன், கேலி செய்தேன், 'அட, பாருங்களேன்' என்று சேர்த்தேன். 'சாப்பிடாமல் வேலைக்குப் போகாதீர்கள்' என்ற வரி இப்படி ஆனது: 'ஊசி போட்ட கையோடு வேலைக்குக் கிளம்பிவிடும் சுறுசுறுப்புக்காரர்கள் நம்மில் எத்தனை பேர்! சாப்பாடா, அதற்கெங்கே நேரம் என்கிறீர்களா?' அது ஏன் கூடாது என்பது நாலு வரி தள்ளி, ஒரு நகைச்சுவைக்குப் பிறகு வந்தது. ஒவ்வொரு கலைப்புக்கும் சதவீதம் இறங்கியது. ஆறில் வந்து நின்றதும் அனுப்பிவிட்டேன். சத்தமாக வாசித்துப் பார்க்கவில்லை.

"சூப்பர் மேம்," என்றாள் சுசித்ரா. "இப்பதான் மனுஷங்க எழுதின மாதிரி இருக்கு."

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, ஏழு மணி இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாளக்கா எங்கள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமந்திப் பூ பறித்துக்கொண்டிருந்தவர் கூடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. கை வெடவெடவென்று நடுங்கியது.

"சில்வியா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது கண்ணு."

அவருக்குச் சர்க்கரை என்பதும், புதிதாக ஊசி ஆரம்பித்திருப்பதும் எனக்குத் தெரியும். உட்காரவைத்து, சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் நடுக்கம் நின்றது. இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக் கையில் கொடுத்தேன்.

"ஊசி எத்தன மணிக்குப் போட்டீங்கக்கா?"

"அஞ்சு மணிக்கு."

"சாப்டீங்களா?"

"பூ வண்டி ஏழரைக்கு வந்துருமே. வேலய முடிச்சுட்டுச் சாப்டலாம்னுதான். பொஸ்தகத்துலயே அப்டித்தான போட்டிருக்குது?"

"எந்தப் பொஸ்தகத்துல?"

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க. எம்மவன் குரு வாசிச்சான். ஊசி போட்ட கையோட வேலைக்குக் கெளம்புறவங்கதான் சுறுசுறுப்பானவங்கன்னு அதுல எழுதியிருக்குது. அதுக்கப்புறம் என்னென்னமோ வளவளன்னு போச்சு. போதும்டான்னுட்டேன்."

அது என் வரி. அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே பேசினார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையைக் கழுவி எழுந்தபோதுதான், எழுதினது நான்தான்கா என்று சொன்னேன்.

"நீயா எழுதின?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கோயில்ல வாசிக்கிறது மைக்குல கேட்டு ரோட்டுல போற எனக்கே புரியுதே. இத ஏன் இப்டி எழுதுன?"

அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டு, குருவிடம் விஷயத்தைச் சொல்லி, திரும்பி வந்து முதல் வேலையாக டாக்டர் கலைவாணனைக் கூப்பிட்டேன். பிறகுதான் சுசித்ராவை. அவளுக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை.

"மேம், எங்ககிட்ட சொல்லாம கிளையண்ட்கிட்ட நீங்க நேரா பேசக் கூடாது. அது ரூல்."

"ரூல அப்புறம் பாக்கலாம். மொதல்ல அந்தப் பொஸ்தகத்த நிறுத்தணும்."

டாக்டர் அன்றைக்கே கையேடு கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார். வாங்கிப்போனவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டுச் சொல்லவும் ஆள் வைத்தார். மறுநாள் காலை மூன்று பேரும் வீடியோவில் உட்கார்ந்தோம்.

"தப்பு யாரோடது?" என்று கேட்டார் டாக்டர்.

"என்னோடதுங்க சார். மொதல்ல ஒழுங்காத்தான் எழுதினேன். மெசின் எழுதினதுன்னு சொன்னாங்க. வேல போயிரும்னு பயந்து நானே கெடுத்துட்டேன்."

"அந்த மொதல் பிரதி இருக்கா?"

"இருக்குதுங்க. ஆனா அத அனுப்ப மாட்டேன். மறுபடியும் அது மெசின்தான்னு சொல்லுவாங்க. இப்ப உங்க ரெண்டு பேர் கண்ணு முன்னாடியே புதுசா எழுதறேன். பாத்துக்கிட்டு இருங்க."

சுசித்ரா ஏதோ சொல்ல வந்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். திரையைப் பகிர்ந்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தேன். மூச்சு இடித்த இடத்தில் வெட்டினேன். 'பூ பறிக்க, பால் கறக்க, வண்டி பிடிக்கப் போகிறவர்கள் சாப்பாடு தயாரான பிறகே ஊசி போடுங்கள்' என்று ஒரு வரி புதிதாக வந்தது. டாக்டர் இரண்டு இடத்தில் திருத்தினார். ஒரு இடத்தில் நான் அவரோடு சண்டை போட்டேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

"இப்ப அந்த டூல்ல போடுங்க சுசித்ரா," என்றேன்.

போட்டாள்.

"தொண்ணூத்தி நாலு," என்றாள் மெதுவாக.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம் கண் முன்னால் எழுதியிருக்கிறேன், முன்பைவிட இரண்டு சதவீதம் கூடுதலாக இயந்திரம் ஆகிவிட்டேன்.

"மேம், நான் பாத்தேன், எனக்குத் தெரியுது," என்றாள் சுசித்ரா. "ஆனா கம்பெனில நம்பர்தான் பேசும். இது மூணாவது தடவன்னு ஆயிரும்."

"ஆவட்டும். இதுல ஒரு வரியக்கூட மாத்த மாட்டேன். பேர எடுக்கறதுன்னா எடுத்துக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. ஆறு வருஷப் பிழைப்பு. ஆனால் இன்னொரு முறை பெரியம்மாளக்கா வேர்த்து விறுவிறுத்து என் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றேன். "கடைசி பக்கத்துல என் பேரும் போன் நம்பரும் போடுங்க. எழுதியவர் சில்வியா, கடத்தூர். புரியாவிட்டால் கூப்பிடுங்கள்னு."

"தெனம் பத்து பேர் கூப்பிடுவாங்கம்மா. உங்களால முடியுமா?"

"கூப்பிடட்டுங்க. எந்த வரி புரியலன்னு எனக்கும் தெரியணும். வைத்தியம் கேட்டா உங்ககிட்டதான் கேட்டுச் சொல்லுவேன்."

டாக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்தக் கையேட்டோடு ஆஸ்பத்திரியின் மற்றக் கையேடுகளையும் என்னிடமே நேரடியாகத் தருவதாகச் சொன்னார். நிறுவனத்தின் பட்டியலிலிருந்து அந்த வாரமே என் பெயர் போனது. அந்தோணி பிரகாஷ், "இனி மெத்த வெளம்பரம் எழுத வேண்டாம், வுடு" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நான் கையேட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேறு வேலை தேடி பஸ் ஏறினேன். நல்லம்பள்ளியில் ஒரு விதைக் கடை, காரிமங்கலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம். ஏஐயை வைத்து நாங்களே எழுதிக்கொள்கிறோமே என்றார்கள். எழுதிக்கொள்ளுங்கள், நானும் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் உங்கள் ஆட்களிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக் கொடுக்க நான் வேண்டுமே என்றேன். விதைக் கடைக்காரர் மட்டும் ஒரு வேலை கொடுத்தார். மற்ற இரண்டு இடத்துக்கும் மறுபடி போவதாக இருக்கிறேன்.

புதுக் கையேடு அச்சாகி நான்காம் நாள் முதல் போன் வந்தது. அந்தப் பக்கம் நல்லம்பள்ளிப் பக்கத்து ஆள், மாதேஸ்வரன் என்றார்.

"பொஸ்தகத்துல நம்பர் பாத்தனுங்க. எங்கூட்டுக்காரம்மாவுக்குக் காச்சல். சோறு தண்ணி ஒண்ணும் எறங்கலீங்க. இன்னிக்கு ஊசி போடலாங்களா, வேணாங்களா? அதப்பத்தி இதுல ஒண்ணும் போடலீங்களே."

அவர் சொன்னது நிஜம். அதை நானும் யோசிக்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஊசியைத் தொடாமல் பத்து நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரைப் பிடித்தேன். அவர் சொன்னதைத் தாளில் எழுதி, ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு மாதேஸ்வரனைக் கூப்பிட்டேன்.

"நீங்களா முடிவு எடுக்காதீங்க. இப்பவே சர்க்கரைய சோதிச்சுப் பாருங்க. அந்த அளவ வச்சுக்கிட்டு நேரா டாக்டருக்குப் போன் போடுங்க, உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். திருப்பிச் சொல்லச் சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். பிறகும் போனை வைக்கவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"இவ்ளோ பட்டு பட்டுனு சொல்றீங்க. நீங்க மனுசங்கதானுங்களா? இப்பல்லாம் போன்ல மெசினு பேசுதுங்கறாங்க."

அந்தத் தோசை கருகிய நாளிலிருந்து வராத சிரிப்பு வந்தது.

"மனுசிதாங்க. கடத்தூர்ல கோயிலுக்குப் பின்னாடி மூணாவது வூடு. சந்தேகமா இருந்தா நேர்ல வந்து பாத்துக்கோங்க. மொதல்ல வூட்டுக்காரம்மாவுக்குச் சோதிச்சுப் பாருங்க."

அவர் போனை வைத்ததும் கையேட்டுக் கோப்பைத் திறந்து, காய்ச்சல் நாளைப் பற்றி ஒரு வரியைச் சேர்த்தேன்.