நடுவர் தன் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தப்புத் தீர்ப்பில் பிறந்தது. தமிழ்ப் புத்தாண்டுக்குப் போர்ட் பிளேரில் நாங்கள் நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: 'வெட்டுக்குத்துப் படங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றனவா, இல்லையா?' நடுவர் நான்தான், திருநாவுக்கரசு. வருஷம் முழுக்கக் கப்பல் டிக்கெட் எழுதுகிறவன், புத்தாண்டன்று மட்டும் நீதிபதி. 'கெடுக்கின்றன' என்றேன். கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கைதட்டல். அந்தக் கைதட்டலில் ஒரு பையனின் பேர் கெட்டுப்போயிற்று.

பரிகாரமாக ஒரு கட்டுரை எழுதலாமென்று உட்கார்ந்தேன். கட்டுரைக்குப் புள்ளிவிவரம் வேண்டுமாமே! என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தையல்காரியும் அவள் மகனும்தான். அதனால் இது கதையாகிவிட்டது.

2

தொடக்கம், முதல் வரைவு: "தீவின் மேல் சூரியன் தகதகவென்று எழுந்து..."

[வேண்டாம். சூரியனுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.]

இரண்டாம் வரைவு: ரோசலின் பேச்சாளியே அல்ல. இங்கே ஷாதிபூர் பகுதியில் தையல் கடை வைத்திருக்கிறாள், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். ஓர் அணிக்கு ஆள் குறைந்ததால் நான்தான் அவளை இழுத்து வந்தேன்.

"அண்ணாச்சி, எனக்கு பிளவுஸ் வெட்டத்தான் தெரியும். பேச்செல்லாம் வராது," என்றாள்.

"மனசுல பட்டதைப் பேசும்மா, போதும்," என்றேன். நல்ல வாய் எனக்கு!

ரோசலின் மேடையேறினாள். மனப்பாடம் பண்ணியதெல்லாம் இரண்டே நிமிஷத்தில் தீர்ந்தது. எதிரே அத்தனை முகங்கள். எதையாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது மகன்தான்.

"வேற எங்கயும் போவேண்டாம், என் மவன் டெர்வினையே எடுத்துக்கோங்க! எந்நேரமும் போன்ல வெட்டுக்குத்துப் படந்தான். போன மாசம் போட் கட்டுத ஜெட்டியில வச்சு சொந்தக் கூட்டாளியவே அறைஞ்சிருக்கான். பெத்தவ நான் சொல்லுதேன், படம்தான் கெடுத்துச்சு!"

தனக்காக ஊர் கைதட்டுவதை ரோசலின் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். இனித்தது. அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? "பெற்ற தாயின் சாட்சிக்கு மேல் சாட்சி உண்டா?" என்று நான் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினேன். பொன்னாடையும் போர்த்தினோம்.

3

டெர்வினுக்கு இருபது வயது. போட் எஞ்சின் மெக்கானிக். மே மாச லீவில் மாதா கோயில் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஃபாதர் அவனைத்தான் வைத்திருந்தார். சிறுவயதிலிருந்து அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இருபத்திரண்டு பிள்ளைகள் பேர் கொடுத்திருந்தார்கள்.

பட்டிமன்றம் முடிந்த வாரமே பிள்ளைகளின் பேரை எடுக்க அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்கு டியூஷன் என்றாள், இன்னொருத்தி மெயின்லேண்டுக்குப் போகிறோம் என்றாள். ஆறு பேர் மிச்சம்.

"ஆறு பேரை வச்சுக் கியா டீம் போடுறது? சோடோ அங்கிள், விட்டுருங்க," என்று தீவு வழக்கப்படி இந்தி கலந்து என்னிடம் சொன்னான். அம்மாவிடம் அதையும் சொல்லவில்லை. போட்டதைத் தின்றான், தட்டைக் கழுவினான், போனான். சண்டை போட்டிருந்தால் ரோசலின் தாங்கியிருப்பாள். இந்த வாய்மூடல் அவளை அரித்தது. மூன்று ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்துவிட்டாள்.

[குறிப்பு: இந்த இடத்தில் எனக்கு நாயகனுக்கு வெள்ளையடிக்க ஆசை வந்தது. 'உண்மையில் டெர்வின் அப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதே...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். பார்க்கிறான், விழுந்து விழுந்து பார்க்கிறான். தாடி, காலர், நடை எல்லாம் படத்திலிருந்து வந்ததுதான். படம் ஒன்றுமே பண்ணாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.]

4

அறை வாங்கினவனை யாருமே விசாரிக்கவில்லை. ஊரே தீர்ப்பு எழுதிய பிறகு, அந்தக் கிளமெண்ட் பேண்ட் சுருக்க ரோசலின் கடைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அன்றைக்கு ஜெட்டியில் என்ன நடந்ததென்று ரோசலின் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"போட்டை இன்னும் கட்டவே இல்ல ஆன்ட்டி," என்றான் கிளமெண்ட். "படத்துல ஹீரோ இறங்குவாருல்ல, அப்படி ஸ்டைலா ஜெட்டிக்குத் தாவுனேன். கால் வழுக்கிருச்சு. போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல மாட்டிக் கூழாகியிருப்பேன். டெர்வின்தான் சட்டையப் புடிச்சு இழுத்துப் போட்டான். அப்புறந்தான் அறைஞ்சான், இடது கையால. 'செத்துத் தொலைஞ்சா உங்கம்மாட்ட யாருல பதில் சொல்லது?'ன்னு கேட்டுட்டு அவனே அழுதான்."

ரோசலின் வெட்டிக்கொண்டிருந்த துணி பாதியில் நின்றது. அவள் வலது கையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும். மகனை அறைந்ததெல்லாம் இடது கையால்தான். ஜீப்புக்குக் குறுக்கே ஓடினான் ஒருதரம், புயல் எச்சரிக்கை நாளில் கடலில் இறங்கினான் ஒருதரம். முதலில் இழுப்பாள், அப்புறம் அறைவாள், அதே கேள்வியைக் கேட்பாள், கடைசியில் அவளே அழுவாள். டெர்வினோ எல்லாவற்றுக்கும் வலது கைக்காரன்.

"அய்யோ, அது என் அடில்லா!" என்றாள். சிரித்தாள், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படத்தைப் போயி குத்தம் சொன்னேனே, பாவி மட்ட!"

ஆக, வாசகரே, தாவல் படத்தின் உபயம், அறை தாயின் உபயம். எந்த அணிக்கு மதிப்பெண் போடுவீர்கள்? எனக்குக் கை ஓடவில்லை.

5

முடிவு அ: ஞாயிறு பூசை முடிந்ததும் ரோசலின் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறாள். அம்மாக்கள் தேம்புகிறார்கள். பிள்ளைகள் ஓடோடி...

[இரண்டு பக்கம் எழுதி ரசித்தேன். நிஜமாகவே ரோசலின் அதற்குத்தான் கிளம்பினாள், சேலை கட்டி, தலை வாரி. டெர்வின் வாசலில் வந்து நின்றான். மூன்று வாரத்தில் அவன் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு: "ம்மா, மைக் வேண்டாம். நல்லதாக்கூட என்னைப் பத்தி மேடையில பேசாத." ரோசலின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.]

முடிவு ஆ: மனமுடைந்த டெர்வின் மெயின்லேண்டுக்குக் கப்பலேறுகிறான்...

[நல்ல கதை! மே மாசத்தில் டிக்கெட் எங்கே கிடைக்கிறது? எழுதிக் கொடுக்கிறவன் நான்தானே.]

நடந்தது இவ்வளவுதான். முகாம் தொடங்கிய அன்று காலையில் கிளமெண்ட் தன் இரண்டு குட்டித் தங்கைகளையும் கைப்பிடித்துக் கூட்டிவந்து மைதானத்தில் விட்டான். விட்டுவிட்டுக் கோட்டோரமாக உட்கார்ந்து கடலை கொறித்தான். அறை வாங்கினவனே தங்கைகளைக் கொண்டுவந்து விடுகிறான், நமக்கென்ன வந்தது என்று அம்மாக்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டாம் வாரம் பதினெட்டுப் பேர். ரோசலின் மிச்சத் துணியில் எல்லாருக்கும் மஞ்சள் பனியன் தைத்துக் கொடுத்தாள். எண்கள் கொஞ்சம் கோணல்தான். டெர்வின் வாங்கிக்கொண்டான்.

6

இதுவரை எழுதியதைக் கடையில் வைத்து இருவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"என்னையக் கேட்டுட்டா எழுதுனீய அண்ணாச்சி?" என்றாள் ரோசலின்.

சுருக்கென்றது. அவள் மேடையில் செய்ததைத்தான் நான் காகிதத்தில் செய்துகொண்டிருந்தேன். முகம் செத்துப்போய், வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். டெர்வின் காகிதங்களை வாங்கி நிதானமாகப் படித்தான். பேர்களை மாற்றச் சொன்னான். டெர்வின் என்ற புதுப் பேரை அவனே தனக்கு வைத்துக்கொண்டான், கொஞ்சம் ஹீரோத்தனமாக இருக்கிறதாம்.

பிறகு கடைசிப் பத்திக்கு வந்தான். பனியனை வாங்கிக்கொண்ட சாயங்காலம் மைதானத்தில் அவன் அம்மாவிடம் சொன்ன வார்த்தைகள் அதில் இருந்தன. ரோசலின் ஆனந்தம் தாங்காமல் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அது. படித்திருந்தால் அழுதிருப்பீர்கள்.

அதன் மேல் விரலை வைத்தான். "இதை மட்டும் எடுத்துருங்க அங்கிள். இது அம்மாவுக்குச் சொன்னது."

எடுத்துவிட்டேன்.

[                    ]

இங்கேதான் இருந்தது. படம் கெடுக்கிறதா, கெடுக்கவில்லையா என்ற தீர்ப்பை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், இனி நான் நடுவர் இல்லை. அவன் என்ன சொன்னான் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவள் கேட்டாயிற்று.